சும்மா தட்டு

என் அக்காவைக் கவனக்குறைவானவள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கோபத்தில் யாரோ வாய் தவறிச் சொன்னதென்றால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். கல்லூரி முத்திரை குத்தி, கீழே கையெழுத்தும் போட்டு எழுதினார்கள். எழுதியவர் ஓய்வு பெற்று வீட்டில் நிம்மதியாக இருக்கிறார். எழுத வைத்தவள் அதே கட்டடத்தில், கதவில் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அது இத்தனை வருடமாகத் தொண்டையில் சிக்கின முள். தண்ணீர் குடித்தாலும் இறங்கவில்லை, காறினாலும் வெளியே வரவில்லை.

கவனக்குறைவாம். அவர்கள் ஒரே ஒரு நாள் அவள் வீட்டில் இருந்து பார்த்திருக்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு வாசல்வரை வந்து, செருப்பை மாட்டி, மறுபடியும் கழற்றிவிட்டு உள்ளே போய் அடுப்பின் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிற பிறவி அவள். கொடியில் துணி காயப்போட்டால் சட்டைக் காலர் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அரிசி கழுவ உட்கார்ந்தால், தண்ணீருக்கு அடியில் சட்டியின் கீறல் தெரிகிறவரை விடமாட்டாள். மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், பேருந்து நடத்துனர். அவருக்கு இதைப் பார்த்தாலே வாய் சும்மா இருக்காது.

"சத்து பூரா சாக்கடைக்குப் போகுது. சாக்கடை கொழுகொழுன்னு இருக்கு, நான் எலும்பா இருக்கேன்."

"நீங்களா எலும்பு? நீங்க பஸ்சுக்கு நடுவுல நின்னா, முன்னாடி ஏறினவங்க பின்னாடி இறங்க முடியலையாம். ஜனங்க சொல்றாங்க."

அவள் கல்லூரியில் தாவரவியல் துறையில் சேர்ந்தது தரை பெருக்கத்தான். பெருக்கிற கை சுத்தமாக இருக்கிறது என்று கண்ணாடிச் சாமான் கழுவக் கூப்பிட்டார்கள். கண்ணாடி உடையவில்லை என்று விதை பொறுக்கச் சொன்னார்கள். விதை பொறுக்கியதும் நன்றாயிருந்தது. அப்படியே ஆய்வுக்கூடத்தின் எல்லா எடுபிடி வேலையும் அவள் தலையில் வந்து உட்கார்ந்தது. பதவி மட்டும் வரவில்லை. கடைசிவரை தற்காலிகம்தான். அங்கே சுவர்க் கடிகாரத்துக்குக்கூட நிரந்தர ஆணி இருந்தது.

அந்த அறை எனக்கு நன்றாகத் தெரியும். நான் குழாய் வேலை செய்கிறவன். அங்கே தொட்டி அடைத்தாலோ குழாய் ஒழுகினாலோ அக்கா சொல்லி என்னைத்தான் கூப்பிடுவார்கள். நீளமான கறுப்பு மேசை. அமிலம் பட்டுப் பட்டுச் சொறி பிடித்த மாதிரி ஆன கழுவு தொட்டி. சுவரில் தண்ணீரை ஆவியாக்கிக் குளிரவைத்துச் சுத்தத் தண்ணீராகப் பிடிக்கிற இயந்திரம். விதைத் தட்டுகளை இருட்டில் வைக்க ஓர் அலமாரி. சாப்பாடு வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டிய குளிர்பெட்டி. அதற்குள் துறைத் தலைவரின் சர்க்கரை வியாதி ஊசிமருந்தும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் எப்போதும் இருக்கும். அவருக்கு அக்கா வைத்த பெயர் ஐஸ் சார். காலையில் உள்ளே நுழையும்போதே "ஐஸ் ரெடியா?" என்று கத்திக்கொண்டுதான் வருவார். முளைகளை அரைக்கும்போது சூடு ஏறினால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும். அதனால் பீங்கான் கல்வத்தை ஐஸ்மேல் வைத்துத்தான் அரைக்க வேண்டும்.

அங்கே என்னதான் செய்கிறாள் என்று மாமா ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார்.

"விதைக்கு விஷம் வைக்கிறோம்," என்றாள் அக்கா.

"இதுக்குச் சம்பளமா? எங்க டிப்போ டீக்கடைக்காரன் மனுஷனுக்கே வைக்கிறான், அவனுக்கு யாரும் சம்பளம் குடுக்கல."

"சிரிக்காதீங்க. ஒரு கோதுமையை எடுத்துக்குங்க. உள்ள பூரா மாவு. முளைக்கு அதை அப்படியே திங்கத் தெரியாது, பல்லு முளைக்காத பிள்ளை. அந்த மாவைச் சர்க்கரையாக் கரைச்சு ஊட்டிவிட உள்ளேயே ஒரு ஆயா இருக்கா. அவளுக்குப் பேரு என்சைம். தண்ணி பட்டதும் முழிச்சுக்குவா. அந்தத் தண்ணியில ஈயம், காட்மியம், பாதரசம்னு ஏதாவது இருந்துச்சுன்னா, அது போய் அந்த ஆயா கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். பிள்ளை வாயைத் திறந்துகிட்டே கிடக்கும். வீடு நிறைய மாவு, ஊட்ட ஆளில்ல. அப்படியே செத்துப்போகும்."

மாமா மெல்லுவதை நிறுத்தினார். "சாப்பிடுறப்ப ஏண்டி இதெல்லாம் சொல்றே?"

"நீங்கதானே கேட்டீங்க. தின்னுங்க, ஆறுது."

அதுதான் அங்கே நடந்த ஆராய்ச்சி. முலாம் பூசுகிற பட்டறைத் தண்ணீரும் பேட்டரி பிரிக்கிற இடத்துத் தண்ணீரும் வயலுக்குள் போகிறதே, எந்த உலோகம் எவ்வளவு கலந்தால் முளைக்கு எவ்வளவு கெடுதி என்று கண்டுபிடிப்பது. மேசைமேல் கண்ணாடித் தட்டுகளை வரிசையாக அடுக்கி, உள்ளே வடிதாள் விரித்து, கோதுமையைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி விஷத்தண்ணீர் விடுவார்கள். முதல் தட்டில் மட்டும் எதுவும் கலக்காத சுத்தத் தண்ணீர். படித்தவர்கள் அதற்கு ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். அக்கா அதைச் சும்மா தட்டு என்பாள். சும்மா தட்டு நன்றாக முளைத்தால்தான் அதைப் பக்கத்தில் வைத்து மற்றதெல்லாம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்ல முடியும். அது கெட்டால் வரிசை மொத்தமும் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. கோதுமைத் தோலில் பூஞ்சை ஒட்டியிருக்கும். அதைக் கொல்லாவிட்டால் தட்டு முழுக்கப் பஞ்சு மாதிரிப் பூத்துவிடும். அதனால் எல்லா விதையையும், சும்மா தட்டு விதையையும் சேர்த்து, முதலில் பாதரச உப்புக் கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுக்க வேண்டும். பிறகு அந்தப் பாதரசம் போகச் சுத்தத் தண்ணீரில் ஐந்து தடவை அலச வேண்டும். "விஷத்தைச் சோதிக்கிறதுக்கு முன்னாடி விஷத்துலயே குளிப்பாட்டணும்," என்பாள் அக்கா. அந்த முக்கி எடுக்கிற வேலையும் அலசுகிற வேலையும் அவளுடையது. கையுறை கொடுத்திருந்தார்கள். ஆண்கள் அளவு. அதைப் போட்டுக்கொண்டு ஒரு கோதுமையைப் பிடித்தால் நாலு நழுவும். அவள் வெறுங்கையாலேயே செய்தாள்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். ஐஸ் சாரிடம் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்க வந்தவள். வெளியூர், விடுதியில் தங்கல். ஆள் மெலிசு. அக்கா பார்த்த அன்றைக்கே குச்சி என்று பெயர் வைத்துவிட்டாள். குச்சிக்கு விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. மதியம் ஆனால் அக்காவின் டப்பாவைத்தான் திறப்பாள்.

"இன்னிக்கு என்னக்கா?"

"நேத்து மிச்சம்."

"நேத்து என்ன?"

"முந்தாநாள் மிச்சம். பேசாமத் தின்னுடி, கண்ணு உள்ள போயிருக்கு பாரு."

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. இரண்டு பையன்கள், இரண்டும் தடியன்கள், வேறு வேறு ஊரில் வேலை. அதனால் இல்லாத பிள்ளையைக் குச்சியிடம் தேடினாள் என்று யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். கூடச் சேர்ந்து விதை பொறுக்கினாள், கூடச் சேர்ந்து ஐஸ் சாரைக் கிண்டல் செய்தாள். அந்த அறையில் அவளை "இந்தாம்மா" என்று கூப்பிடாமல் அக்கா என்று கூப்பிட்டது குச்சி ஒருத்திதான்.

அந்த வருடம் சுவர் இயந்திரம் பழுதாயிற்று. நான்தான் போய்ப் பார்த்தேன். தண்ணீரைக் கொதிக்கவைக்கிற கம்பி கருகிப்போயிருந்தது. புதுசு வாங்கி மாட்டினால் அரை நாள் வேலை. ஆனால் அலுவலகத்தில் மூன்று கடையில் விலை எழுதி வாங்க வேண்டும் என்றார்கள். மூன்றாவது கடைக்காரன் எழுதித் தருவதற்குள் கல்லூரியில் ஒரு பரீட்சையே முடிந்துவிட்டது. அதுவரை சுத்தத் தண்ணீரை வெளியிலிருந்து கேனில் வாங்கி வைத்தார்கள். ஐஸ் சார் கேன்மேல் கோடு போட்டு வைத்தார், இன்றைக்கு இதுவரைதான் என்று. அந்தச் சமயம் பார்த்து அவருக்கு வெளிநாட்டில் ஒரு கூட்டம். அங்கே படித்துக் காட்ட குச்சியின் முடிவுகள் வேண்டும். குச்சி தூங்காமல் அலைந்தாள்.

ஒரு நாள் காலையில் அக்கா பாதரசத் தண்ணீரிலிருந்து விதையை எடுத்து முதல் அலசல் போட்டுக்கொண்டிருக்கும்போது குச்சி வந்து கேனைப் பார்த்தாள்.

"அக்கா, அஞ்சு தடவை அலசினா அப்புறம் தட்டுல ஊத்தத் தண்ணி மிஞ்சாது. ரெண்டு போதும்."

"போதுமாடி?"

"போதும்க்கா. ரெண்டுலயே பூரா போயிடும்."

"வேணும்னா மிச்சத்தைக் குழாய்த் தண்ணியில அலசிடட்டுமா?"

"ஐயோ, அது வேணவே வேணாம். குழாய்த் தண்ணியில இரும்பு அது இதுன்னு என்னென்னவோ இருக்கும். ஐஸ் சார் என்னைத் தொலைச்சுடுவாரு."

அக்கா இரண்டோடு நிறுத்தினாள். தனக்கும் போதும் என்றுதான் பட்டது என்று என்னிடம் பிறகு சொன்னாள். தனக்கு எல்லாம் தெரிந்த மாதிரியும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாத மாதிரியும் அவள் ஒரு நாளும் பேசியதில்லை. மேலே படித்தவள் போதும் என்கிறாள், தண்ணீரும் கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது, பிறகு என்ன. அப்படியே அந்தப் பருவத்து வரிசை மொத்தமும் இரண்டு அலசலில் போயிற்று.

முளைகளை எடுத்து, ஐஸ்மேல் அரைத்து, சுழற்றித் தெளியவைத்து, அந்தத் தெளிவை மாவுக் கஞ்சியில் விட்டு, கொஞ்ச நேரம் கழித்து அயோடின் சொட்டுவார்கள். மாவு இருந்தால் கருநீலம் அடிக்கும். ஆயா வேலை செய்து மாவைக் கரைத்திருந்தால் நீலம் வெளுத்து, லேசான தேன் நிறத்துக்கு வந்துவிடும். அன்றைக்கு விஷத் தட்டெல்லாம் கருநீலம். அது எதிர்பார்த்ததுதான். சும்மா தட்டும் கருநீலம். குச்சி மறுபடி சொட்டினாள். மறுபடியும் நீலம்தான். அவள் உதடு வெளுத்ததே தவிரக் கண்ணாடிக் குழாயில் இருந்த நீலம் வெளுக்கவில்லை என்றாள் அக்கா.

ஐஸ் சார் வந்து சும்மா தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வேர் எல்லாம் கட்டையாக, நுனி பழுப்பாக இருந்தது. அவர் முட்டாள் இல்லை. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்: "பாதரசம். அலசல் பத்தல." அவர் சொன்னது முழுக்கச் சரி. அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

அறையில் மூன்று பேர்தான். அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"எத்தனை தடவை அலசினீங்க?"

அக்கா குச்சியைப் பார்த்தாள். குச்சி தன் சுட்டுவிரலில் ஒட்டியிருந்த அயோடின் கறையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வழக்கம்போலத்தான் சார்," என்றாள் அக்கா.

இந்த ஒரு பொய்தான். வேறு எங்கேயும் இப்படி ஒரு பொய் யாரையும் கவிழ்க்காது. அங்கே கவிழ்த்தது. வழக்கம்போல அலசியிருந்தால் சும்மா தட்டு அப்படி ஆகாது என்று தட்டே சொல்லிக்கொண்டு அவர் கையில் இருந்தது. அலசாததும் இவள், பொய் சொன்னதும் இவள் என்று ஆகிப்போயிற்று.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று நான் கத்தினேன். அவள் கொடியிலிருந்து துணியை எடுத்து மடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"நான் சொல்லிட்டா அவளைக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும்டா. அவளா சொல்லட்டும்னு நினைச்சேன். நான்தான் சார் ரெண்டு போதும்னேன்னு ஒரு வார்த்தை. திட்டு வாங்குவா, அழுவா, சாயங்காலம் சரியாயிடும். கதவைத் திறந்து வச்சுட்டு நின்னேன். அவ உள்ள வரல."

"நாளைக்கு நீ போய்ச் சொல்லு."

"அவ சொல்லுவா. இரு."

அவள் சொல்லவில்லை. நான்தான் போனேன். ஐஸ் சாரின் மேசையில் அக்காவைக் கவனக்குறைவுக்காக நீக்குகிற தாள் ஏற்கெனவே தட்டச்சாகிக் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"நீங்க யாரு?"

"தம்பிங்க. இங்க குழாய் வேலைக்கு வருவேனே. தண்ணி மெஷின் ரிப்பேரா கிடந்ததுங்க. தண்ணி பத்தலைன்னு ரெண்டு தடவை அலசினாப் போதும்னு அந்தப் பொண்ணுதான் சொல்லியிருக்கு."

"உங்க அக்கா வழக்கம்போலன்னு சொன்னாங்க. நீங்க ரெண்டுன்னு சொல்றீங்க. யார் சொல்றது பொய்?"

நான் திரும்பி நடந்தேன். வெளியே தாழ்வாரத்தில் குச்சி நின்றுகொண்டிருந்தாள். கையில் தட்டு அடுக்கு.

"நீயாவது சொல்லும்மா. உன் வாயால சொல்லு," என்றேன்.

அவள் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசினாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அலசுறது அவங்க வேலை."

முள் என்று சொன்னேனே, அது இதுதான். தாளில் இருப்பதுகூட அப்புறம். அக்காவின் டப்பாவில் தின்ற வாய் அது.

அக்காவை நிறுத்தினார்கள். புதுக் கம்பி வந்தது. வேறு ஆளை வைத்து ஐந்து தடவை அலசி மறுபடி எல்லாம் செய்தார்கள். சும்மா தட்டு அழகாக முளைத்ததாம். குச்சிக்குப் பட்டம் கிடைத்தது, கொஞ்ச நாளில் அங்கேயே வேலையும் கிடைத்தது.

அக்கா வேலை தேடினாள். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் எடுத்தார்கள். அவளுக்கென்றே செய்த வேலை. நான் கூடப் போயிருந்தேன்.

"முன்னாடி வேலையை ஏம்மா விட்டீங்க?" என்று கேட்டார் அந்த மேலாளர்.

"நான் விடலைங்க. கவனக்குறைவுன்னு எடுத்துட்டாங்க."

வெளியே வந்ததும் நான் தலையில் அடித்துக்கொண்டேன். "உடம்பு சரியில்லாம நின்னுட்டேன்னு சொன்னா என்ன? வாய்ல வராதா?"

"ஒரு தடவை பொய் சொன்னது போதாதா? அதுக்கே எவ்வளவு நல்ல பேரு வந்துச்சு பாரு."

போன இடத்தில் எல்லாம் இதே பதிலைச் சொன்னாள். ஒரு கட்டத்தில் அவள் அதை வேண்டுமென்றே சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது. அந்தச் சொல்லை ஊர் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தாள், யாராவது ஒருத்தர் நம்ப மாட்டேன் என்று சொல்லட்டும் என்று. யாரும் சொல்லவில்லை. எல்லோரும் நம்பினார்கள். கடைசியில் ஒரு தொழிலாளர் விடுதியின் சமையலறையில் பாத்திரம் கழுவப் போனாள். அங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. அங்கேயும் பாத்திரத்தை ஐந்து தண்ணீரில் அலசினாள். தண்ணீர் செலவு என்று அங்கேயும் திட்டு வாங்கினாள். "ரெண்டுல அலசினா அங்க திட்டு, அஞ்சுல அலசினா இங்க திட்டு. மூணுல அலசியிருந்தா மந்திரியாகியிருப்பேன்," என்று மாமாவிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காத ஒரே நகைச்சுவை அதுதான்.

ரொம்ப நாள் கழித்து, கல்லூரியிலிருந்து ஒரு குழாய் வேலைக்குக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் குச்சியின் அறை. பலகையில் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் ரயில் மாதிரி ஓடின. அவள் இப்போது குச்சியும் இல்லை, கன்னம் வைத்திருந்தது.

"தொட்டிக்கு அடியில சொட்டுது, பாருங்க," என்றாள், தலையைத் தூக்காமல்.

நான் தரையில் குனிந்து வாசரை மாற்றினேன். எழுந்து கையைத் துடைத்தபோதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்துகொண்டாள். முகம் ஒரு நொடி காட்டிக்கொடுத்தது.

"என் அக்கா விடுதியில பாத்திரம் கழுவுறாங்க," என்றேன்.

"எனக்கு இப்ப வகுப்பு இருக்கு," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். மேசைமேல் அவள் டீ பாதி அப்படியே இருந்தது. அவளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் அன்றையிலிருந்து நான் மனதுக்குள் அடுக்க ஆரம்பித்தேன். தனியாக வேலை செய்யும்போது சொல்லிப் பார்ப்பேன். சுவருக்குள் இருக்கிற குழாய்களுக்கு அந்த வசவெல்லாம் மனப்பாடம்.

அப்புறம் அக்காவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று, முதலில் கை நடுங்கியது. டம்ளரைப் பிடித்தால் தட்டில் தாளம் போடும். மாமா, "பஸ்ல நிக்கிற எனக்கு ஆடல, வீட்ல உக்காந்திருக்கிற உனக்கு ஆடுது," என்று சொல்லிக்கொண்டே டம்ளரை வாங்கித் தானே குடிக்கக் கொடுப்பார். அப்புறம் சிறுநீரகம் போயிற்று. முகம் வீங்கியது. வருடக்கணக்காகப் பாதரசத் தண்ணீரில் வெறுங்கையை விட்டவள் என்று டாக்டரிடம் சொன்னேன். விதைக்கு நடக்கிறது கைக்கு நடக்காதா என்று கேட்டேன்.

"இப்ப அதை எப்படிங்க சொல்ல முடியும்? சர்க்கரை, ரத்த அழுத்தம், வயசு, எத்தனையோ காரணம் இருக்கலாம்," என்று அவர் சிரித்தார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு அக்கா இருந்திருந்தால் சொல்லியிருப்பார் போல.

ஒரு மதியம் கதவு தட்டப்பட்டது. மாமா திறந்தார். குச்சி, கையில் பழப் பையோடு. அக்கா படுத்துவிட்டாள் என்று கல்லூரிக் காவலாளி சொல்லிக் கேள்விப்பட்டாளாம். மாமாவுக்கு யாரென்று தெரியவில்லை, வாங்க வாங்க என்று நாற்காலி போட்டார். நான் கட்டிலின் கால்பக்கம் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கவில்லை.

குச்சி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான்தான் ரெண்டு போதும்னு சொன்னேன்."

"தெரியுமே," என்றாள் அக்கா. குரல் தேய்ந்துபோயிருந்தது, ஆனால் வாய் அதே வாய். "நானும் அங்கதானே நின்னேன்."

"இத்தனை வருஷமா எனக்கு நிம்மதியே இல்லக்கா."

"இதை அங்க சொல்லுவியா?"

குச்சி பழப் பையின் பிடியைத் திருகினாள்.

"பெருசா ஒண்ணும் வேணாம். ஒரு தாள்ல எழுதிக் குடு. என் பேருல கவனக்குறைவுன்னு ஒண்ணு இருக்கே, அதுக்குப் பக்கத்துல வைக்கட்டும். நான் அதைப் பார்த்துட்டுப் போறேன்."

அக்கா எழுந்து உட்கார முயன்றாள். மாமா பின்னால் கை கொடுத்தார். அவ்வளவு வீங்கிய முகத்திலும் அந்தக் கண்ணில் ஒரு எதிர்பார்ப்பு வந்ததை நான் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

"அடுத்த மாசம் நான் துறைத் தலைவர் ஆகணும்க்கா," என்றாள் குச்சி. "இப்பப் போய் இதை எழுதினா, அந்தப் பழைய ஆராய்ச்சியிலிருந்து எல்லாத்தையும் தோண்டுவாங்க. எங்கிட்ட இப்பப் படிக்கிற பிள்ளைங்க பட்டமும் சேர்ந்து நிக்கும். என்னால முடியாதுக்கா."

"அப்ப எதுக்குடி வந்தே?"

"உங்ககிட்ட சொல்லணும்னுதான். போகட்டும் விடுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா மறுபடி சாய்ந்து படுத்தாள். அந்தப் பெண் அழுது முடிகிறவரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு விதையை எடுத்து நல்லதா சொத்தையா என்று பார்ப்பதுபோல.

"டீ குடிக்கிறியா?" என்றாள்.

குச்சி நிமிர்ந்தாள். "குடுங்கக்கா," என்றாள் அவசரமாக. அந்த டீயிலாவது ஏதாவது கிடைக்கும் என்று நினைத்தாள் போல.

"வீட்ல பால் இல்ல."

பால் இருந்தது. காலையில் நான்தான் வாங்கி வைத்தேன். மாமா என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.

குச்சி எழுந்தாள். பழப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியில் வைத்தாள், பிறகு தரையில் வைத்தாள். நான் ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினேன். "வாங்க, பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் வர்றேன்," என்றேன். எங்கள் தெருவிலிருந்து நிறுத்தத்துக்கு நல்ல தூரம். வழியில் ஒரு பக்கம் தொழிற்சாலைச் சுவர், எதிரே வெறும் புதர், மதியத்தில் ஈ காக்கா இருக்காது. குழாய்களிடம் சொல்லி வைத்திருந்த அத்தனையையும் முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை சொல்ல அந்தச் சுவரின் நீளம் போதும். பொத்தானைத் தப்பான துளையில் மாட்டிக்கொண்டிருந்தேன், கை அவ்வளவு அவசரப்பட்டது.

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். சின்ன வயதிலிருந்து பார்க்கிற முகம். விரலை லேசாக அசைத்துக் கிட்டே கூப்பிட்டாள். குச்சி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து அக்காவின் வாயருகே காதை வைத்தேன். அன்றைக்கு ராத்திரியே அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. அதன் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

"கூடப் போ," என்றாள். "பஸ் ஏத்தி விட்டுட்டு வா. வழியில ஒரு வார்த்தை பேசாத. நீ திட்டினா அவளுக்கு மனசு லேசாயிடும்டா. லேசா ஆக வேணாம்."